கரண்ட் வீடு

— முடியாதுன்னா முடியாதுதான் பாய். நீங்க கடலூர்லேர்ந்து வந்தாலும் சரி, கொழும்புலேர்ந்து வந்தாலும் சரி. கரண்ட் இருக்கிற வீட்டுக்குச் சீமெண்ணெய் கார்டு கிடையாது. ரூல் அப்படி.

— என்னா சார் பெரிய ரூலு? இது என் கூடப் பொறந்த லாத்தா, மெகருன்னிசா. புருசன் மவுத்தாயி ஒம்போது வருசம் ஆவுது. வீட்டுல ஆம்பளை துணை கிடையாது. உம்மாவும் மவளும் தனியா இருக்காங்க. அந்த வீட்டுக் கார்டைப் போயி கேன்சல் பண்ணியிருக்கீங்களே, ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

— மனசைக் கேட்டுக் கார்டு குடுக்கிறதா இருந்தா இந்த அம்பலவாணன் ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு கார்டு குடுப்பான். பரங்கிப்பேட்டை, கதவு எண் பதினொண்ணு. இந்தா, நீங்களே பாருங்க. லிஸ்ட்டுல இருக்கு. மின் இணைப்பு உள்ள வீடு. கோடு போட்டு அடிச்சாச்சு. இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உங்க லாத்தா வீட்டுல கரண்ட் இருக்கா, இல்லையா?

— இருக்கு! இல்லேன்னு எவன் சொன்னான்? அந்தச் சந்துலயே மொதல் கரண்ட் வீடு எங்க லாத்தா வீடுதான். கூடத்துல ஒரு பல்பு, உள் ரூம்புல ஒரு பல்பு. வயரிங்குக்குப் பணம் குடுத்தவனே நாந்தான். கடலூர் ஓல்டு டவுன்ல வந்து ரஃபியுதீன் கடை எதுன்னு கேட்டுப் பாருங்க, கொழந்தை கூடக் காட்டும்.

— தம்பி, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கிறாங்க.

— நீ சும்மா இரு லாத்தா. பாக்கட்டும். கரண்ட் இருக்கிறது என்னா குத்தமா? கேளுங்க சார். பாகிஸ்தான் சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னும் சீமெண்ணெய்க்கு க்யூவுல நிக்க வைக்கிறீங்க. நெய்வேலியில நம்ம ஜில்லா மண்ணைத் தோண்டு தோண்டுன்னு தோண்டுறாங்க. அந்தக் கரண்டு டவர் மேல ஏறி மெட்ராசுக்குப் போவுது. நமக்கு வாரத்துல மூணு நாள் கரண்ட் கட்டு. கட்டு அன்னிக்கு எங்க லாத்தா என்னா பண்ணும்? பல்பை அண்ணாந்து பார்த்துக்கிட்டு உக்காந்திருக்குமா?

— ஞாயம்தான். நான் இல்லேங்கல. ஆனா என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? மெட்ராசுலேர்ந்து சர்க்குலர் வருது. கரண்ட் ஆபீஸ்காரன் லிஸ்ட்டு அனுப்புவான். லிஸ்ட்டுல இருக்கிற வீட்டைப் பூரா நான் அடிக்கணும். அவ்வளவுதான் என் வேலை. வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க. அடிக்கடி மின்தடை ஏற்படுவதால்னு ஆரம்பிச்சு. ஸ்டாம்பு ஒட்டணும். எங்க பெரிய ஆபீசர் பார்த்து மாசம் ஒரு பாட்டிலாவது குடுக்கச் சொன்னாலும் சொல்வார்.

— முன்ன நாலு பாட்டில் வாங்கிட்டு இருந்தாங்க சார்!

— பாய், ஒண்ணு கிடைச்சாலே உங்க லாத்தா புண்ணியம் செஞ்சவங்க.

— தம்பி, சார்தான் சொல்றாரே. நீ போயி ஸ்டாம்பு வாங்கிட்டு வா.

— நீயும் வா லாத்தா. தனியா இங்க எப்படி உக்காந்திருப்ப?

— எனக்கு முட்டி வலிக்குது. இந்த வெயில்ல நடக்க முடியாது. துப்பட்டியைப் போத்திக்கிட்டு இப்படி ஓரமா இருக்கேன். நீ போ.

— கீழவீதி முனையில ஸ்டாம்பு வெண்டர் இருக்கார் பாய். சாப்பிடப் போறதுக்குள்ள புடிச்சுடுங்க.

— சரி, இதோ வந்துடுறேன். ஒரு பாட்டில் எல்லாம் ஆவாது சார், சொல்லிட்டேன். வந்து பேசிக்கிறேன்.

— போயிட்டானா சார்?

— படி எறங்கிட்டார். ஏம்மா?

— சார், எங்க வீட்டுல கரண்ட் இல்ல.

— என்னது?

— இல்ல சார். பல்புதான் இருக்கு. கரண்ட் இல்ல. ஒரு நாள் கூட அது எரிஞ்சதில்ல.

— பாருங்கம்மா, இப்பத்தானே உங்க தம்பி ஆபீஸ் அதிர அதிரச் சொல்லிட்டுப் போறார்?

— அவனுக்குத் தெரியாது. அவன் கடலூர்லேர்ந்து காலை பஸ்ஸுல வருவான், பொழுது சாயிறதுக்குள்ள கடைக்குத் திரும்பிப் போயிடுவான். ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். இன்னிக்கு கட்டுன்னு சொன்னேன். நம்பிட்டான். கட்டுன்னு சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க?

— எதுக்கும்மா இந்த வேலை? இல்லாத கரண்டை இருக்குன்னு காட்டி உங்களுக்கு என்ன லாபம்?

— எனக்கு ஒரு பொண்ணு சார். அமீனான்னு பேரு. இருவத்தி ரெண்டு வயசாவுது. எங்கள்ல பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்ப மாட்டோம். மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பாரு. அதனால மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பொண்ணைப் பாக்க வர்றப்பவே வீட்டையும் பார்ப்பாங்க. கெணறு எங்க இருக்கு, கூடம் எவ்வளவு நீளம், ஓடு ஒழுவுதா, எல்லாம். முன்ன ரெண்டு சம்பந்தம் வந்துச்சு. ரெண்டும் வாசலோட போயிடுச்சு. கரண்ட் இல்லாத வீட்டுல எங்க புள்ளை எப்படிப் படுப்பான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

— அப்படியுமா கேப்பாங்க?

— கேட்டாங்க சார். பொண்ணு கறுப்பா இருக்குன்னு சொல்லியிருந்தா கூட அவளுக்கு அவ்வளவு ரோசம் வந்திருக்காது. மூணாவதா வந்தது முஹம்மது யூசுப். சிங்கப்பூர்ல அஞ்சு வருசம் இருந்துட்டு வந்த புள்ளை. அவரு வாப்பா அப்துல் ஹக், ஊருல பெரிய மளிகைக் கடை. எங்க தம்பி முந்திக்கிட்டுப் போயி, எங்க லாத்தா வீடு கரண்ட் வீடுன்னு சொல்லிட்டான். என்கிட்ட வந்து, நான் வாக்குக் குடுத்துட்டேன், இந்தா பணம், உடனே கனெக்ஷன் வாங்கிடுன்னான்.

— வாங்க வேண்டியதுதானே?

— போனேன் சார். கரண்ட் ஆபீசுக்கு நானே போனேன். அங்க ஒரு ரூலு. எங்க சந்துல கம்பமே கிடையாது. ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட மாட்டாங்களாம். அஞ்சு வீடு கையெழுத்துப் போட்டாத்தான் நடுவாங்களாம். அஞ்சு வீட்டுக்கு நான் எங்க போவேன்? பொண்ணு பாக்க வர்றதுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு. லூர்துசாமின்னு வயர்மேன் ஒருத்தர். அவரைக் கூப்பிட்டு, வயரிங் மட்டும் பண்ணுங்கன்னேன். கட்டை அடிச்சு, வயர் ஓட்டி, பல்பு மாட்டி, சுவிட்சு வச்சு, காலிப் பெட்டி ஒண்ணை மீட்டர் மாதிரி மாட்டிட்டாரு. ஓட்டு மேலேர்ந்து ஒரு கம்பியை இழுத்துத் தோட்டத்து மாமரத்துல கட்டி விட்டாரு. பாக்கிறவங்களுக்குப் பின்தெருவுலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும்.

— அடேயப்பா.

— சிரிக்காதீங்க சார்.

— சிரிக்கலம்மா. சத்தியமா சிரிக்கல. மேல சொல்லுங்க.

— வந்தாங்க. பட்டப்பகல்ல வந்தாங்க. பகல்ல யாரு வெளக்கு ஏத்திப் பார்க்கப் போறா? அண்ணாந்து பல்பைப் பார்த்தாங்க, ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அங்கேயே சர்க்கரை வாயில போட்டு நிச்சயத்தை முடிச்சுட்டாங்க. இன்னிக்கு எண்ணி இருவத்தி மூணாம் நாள் நிக்காஹ்.

— அன்னிக்கு ராத்திரியே மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போயிடுமே?

— அதுக்குள்ள நெசமாவே கரண்ட் வாங்கிடலாம்னு இருந்தேன் சார். அஞ்சு மாசம் டைம் இருந்துச்சு. வீடு வீடா ஏறி எறங்கினேன். நாலு பேரு கையெழுத்துப் போட்டுட்டாங்க. அஞ்சாவது பக்கத்து வீட்டு சலீமா பீவி. அவ மச்சான் பினாங்குல இருக்காரு. வீடு அவரு பேருல. அங்கேர்ந்து சம்மதக் கடுதாசி வந்ததும் போடுறேன்னா. சரின்னு காத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல ஒங்க ஆளு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாரு.

— எங்க ஆளா?

— ஆமா சார். செக்கிங் ஆளு. ரெண்டு மாசத்துக்கு முந்தி காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. எங்க வீட்டுல ஆம்பளை இல்லாததால வெளி ஆம்பளை யாரும் உள்ள வர மாட்டாங்க. வாசல்லயே நின்னாரு. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஏம்மா, இது கரண்ட் வீடாம்மான்னு கேட்டாரு.

— இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்லுவேன்? கூடத்துல மாப்பிள்ளையோட மாமி உக்காந்திருக்கா. பொண்ணுக்கு அளவு சட்டை வாங்கிட்டுப் போவ வந்தவ. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா சார். ஆமா, கரண்ட் வீடுதான்னேன். அவரு மறுபடியும், நெசமா இருக்காம்மான்னாரு. பல்பு தொங்குறது தெரியலியான்னு அதட்டுனேன். அவரு எட்டிப் பார்த்தாரு. நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த மாசம் எண்ணெய்க் கடையில கார்டை நீட்டுனா, ஒனக்கு இல்லேன்னுட்டான்.

— அப்ப உங்க வாயாலதான் கெட்டீங்க.

— இல்ல சார். நல்லா யோசிச்சுப் பாருங்க. ஊருல எத்தனை வீட்டுல பல்பு இருக்கு. அந்த ஆளு நேரா என் வீட்டுக்கு ஏன் வரணும்? எவளோ எழுதிப் போட்டிருக்கா. அந்தப் பல்பு பொய்ப் பல்புன்னு தெரிஞ்சது கையெழுத்துக் கேட்ட அந்த அஞ்சு வீட்டுக்குத்தான், அதுல என் மேல பொறாமை ஒரே ஒருத்திக்குத்தான். சலீமா பீவிக்கு. அவ பொண்ணுக்கு இன்னும் எடம் அமையல. என் பொண்ணுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை. வயிறு எரியாதா?

— அவங்கதான் எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்?

— அவ மொகமே சொல்லுச்சு. கார்டு போன அன்னிக்குச் சந்துல நிக்க வச்சுக் கேட்டேன். நாலு வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி கேட்டேன். எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டவ, நீ நல்லா இருப்பியாடின்னு வாயில வந்ததெல்லாம் கேட்டேன். அவ வாயே தெறக்கல சார். நின்னு பூரா கேட்டா. எங்க வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தா. பேசாம உள்ள போயிட்டா. குத்தம் செஞ்சவதானே வாயடைச்சு நிப்பா?

— அப்புறம் கையெழுத்து?

— எங்க போடுறது? பினாங்குக் கடுதாசி வந்துடுச்சாம். ஆனா இனிமே ஒன் வெவகாரமே வேணாம்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிட்டா. மத்த நாலு பேரும் வந்தாங்க. மெகருன்னிசா, கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒன் சீமெண்ணெய் போச்சு, கரண்ட் வந்தா எங்க கதி என்னா, கட்டு அன்னிக்கு நாங்க எதை ஏத்துறதுன்னு கேட்டாங்க. நாலு பேரும் பேரை அடிச்சுட்டாங்க. இப்ப அந்தச் சந்துல ஒரு ஆளு கையெழுத்துப் போட மாட்டாங்க.

— இப்ப ராத்திரிக்கு என்ன பண்றீங்க?

— நல்லெண்ணெய் வெளக்கு ஒண்ணு. அதுவும் தொழுதுட்டு அணைச்சுடுவோம். பொண்ணு கூலிக்குச் சட்டை தைக்கிறவ. பொழுதோட மிஷினை மூடிடுறா. எனக்கு வெளிச்சம் கூட வேணாம் சார். லாந்தர் இருந்தா போதும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாராச்சும் பொழுது சாஞ்சு வந்தா, இன்னிக்கு கட்டுன்னு லாந்தரைக் காட்டிச் சமாளிச்சுடுவேன். லாந்தரும் இல்லாம கும்மிருட்டுல உக்காந்திருந்தா, கரண்ட் வீட்டுல இப்படி யாரு சார் இருப்பாங்க?

— பாருங்கம்மா, இதுக்கு ஒரு வழி இருக்கு. என் வீட்டில் மின் இணைப்பு இல்லைன்னு ஒரு வாக்குமூலம் எழுதிக் கைநாட்டு வச்சுடுங்க. நானே எழுதித் தர்றேன். கார்டு திரும்ப வந்துடும். நாலு பாட்டிலும் வரும்.

— நெசமாவா? இன்னிக்கேவா?

— இன்னிக்கே எப்படி? அதைப் பதினஞ்சு நாள் உங்க ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டணும். மெகருன்னிசா வீட்டில் கரண்ட் இல்லை, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும்னு. யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா கார்டு.

— பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுலயா?

— ரூல் அப்படி.

— அதுக்கு நேர் எதிர்க்கடைதான் சார் சம்பந்தி கடை.

— அடடா.

— வேற வழி இல்லியா சார்?

— இல்லம்மா. எனக்கு மேலவீதியில வீடு. கரண்ட் இருக்கு. தேர் ஓடுற அன்னிக்கு நாலு வீதியிலயும் கம்பியைக் கழட்டிப் போட்டுடுவான். அன்னிக்கு எங்க வீட்டுலயும் இருட்டுதான். எனக்கே கார்டு கிடையாது.

— ஒங்களுக்குச் சாமி வர்றதுக்காக ஒரு நாள் இருட்டு சார். மறுநாள் கம்பியை மாட்டிடுவான். எங்களுக்கு எது வர்றதுக்காக இந்த இருட்டு?

— அம்மா, உங்க தம்பிகிட்டயாவது உண்மையைச் சொல்லிடுங்களேன். அவர் போய்ப் பேசட்டும்.

— வேணாம் சார். அல்லா சாட்சியா வேணாம். மவுத்தான எங்க வாப்பா மேல ஆணையா கரண்ட் வீடுன்னு பள்ளிவாசல்ல வச்சுச் சொல்லியிருக்கான். அவனைப் பொய்யனாக்கிட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன். நீங்க சொல்லிடாதீங்க. ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கும்.

— நான் ஏம்மா சொல்றேன்? அதோ, வந்துட்டார்.

— லாத்தா! ஸ்டாம்பு வாங்கியாச்சு. வழியில இன்னொரு வேலையும் முடிச்சுட்டேன். கடைத்தெருவுல ஒரு டேபிள் ஃபேன் பார்த்தேன். காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போவுது. நம்ம அமீனாவுக்கு மாமன் சீருன்னு முன்பணம் குடுத்துட்டேன். சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குப் புழுக்கம் தாங்காதுல்ல? ஏன் சார் இப்படிப் பாக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல பாய். ஃபேன் நல்லதுதான்.

— மனு எழுதியாச்சா?

— எழுதறேன். அம்மா, அதுக்கு முன்னாடி ஒண்ணு. வந்தது எங்க ஆளுன்னு சொன்னீங்க இல்ல, எனக்கு அது உறுத்துது. இந்த ஆபீஸ்ல வீடு வீடாப் போய்ப் பார்க்க ஆள் ஏது? நானும் இந்த நாற்காலியும்தான். எங்க ஆபீஸ்லேர்ந்து பரங்கிப்பேட்டைக்கு யாருமே வரல.

— என்னா லாத்தா, யாரு வந்தா?

— ஒரு காக்கிச் சட்டை தம்பி. ரெண்டு மாசத்துக்கு முந்தி. யாரோ நம்ம மேல எழுதிப் போட்டிருக்காங்க. அதனாலதான் கார்டு போச்சு.

— எழுதிப் போட்டாங்களா? எவன்? இத்தனை நாளா என்கிட்ட ஏன் சொல்லல? சார், அந்த மொட்டைக் கடுதாசியை எடுங்க. எவன்னு பார்த்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்.

— அதெல்லாம் காட்டக் கூடாது பாய். இருங்க, கரண்ட் ஆபீஸ் லிஸ்ட்டுக்குப் பின்னால நாலஞ்சு காயிதம் குத்தியிருக்கான். நான் இதையெல்லாம் புரட்டினதே இல்ல. பதினொண்ணு, பதினொண்ணு. ம். இருக்கு. ஒரு கடுதாசி இருக்கு. பேரோடதான் இருக்கு.

— பேரு சலீமா பீவிதானே சார்? நான் சொன்னேனா இல்லியா?

— அந்தப் பேரும் இதுல இருக்கு. ஆனா... அம்மா, வேணாம். இதை விடுங்க. நான் உங்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எழுதித் தந்துடுறேன். எடுத்துக்கிட்டுப் போங்க.

— இருக்கு பார்த்தியா தம்பி! நான் அந்தச் சந்துல தலை நிமிர்ந்து நடக்கணும் சார். அவ எழுதுனதை அவ முன்னாடி நான் சொல்லணும். எனக்கு அரபு எழுத்துதான் வரும், தமிழ் வராது. நீ வாங்கிப் படி தம்பி.

— குடுங்க சார். குடுங்கன்னா. "கரண்ட் ஆபீசர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, பரங்கிப்பேட்டை பதினொன்றாம் நம்பர் வீட்டிலிருந்து அமீனா பீவி எழுதிக்கொள்வது." லாத்தா, இது நம்ம அமீனா.

— என்னா ஒளர்ற? நல்லாப் பாரு.

— எட்டாவது வரைக்கும் படிக்க வச்சவன் நானு. எனக்கு மாசா மாசம் கடுதாசி எழுதுற கை. எனக்குத் தெரியாதா?

— படி.

— "எங்கள் வீட்டில் பல்பு மாட்டியிருக்கிறது. ஆனால் கரண்ட்..." லாத்தா?

— படி தம்பி.

— "ஆனால் கரண்ட் இல்லை. என் கல்யாணத்துக்காக உம்மா அப்படிச் செய்தார்கள். மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் வந்து இருப்பார். முதல் நாள் பொழுது சாய்ந்ததுமே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொண்டாலும் என் உம்மாவை யாரும் மதிக்க மாட்டார்கள். என் மாமாவும் ஊருக்குள் வர முடியாது." என்னா லாத்தா இது? அப்ப நான் குடுத்த வாக்கு? பள்ளிவாசல்ல வச்சு நான் பண்ண ஆணை?

— பாய், போதும். குடுங்க இப்படி.

— இல்ல சார். அவன் படிக்கட்டும். என் மவ சொல்றதை நான் கேக்கணும்.

— "ஐந்து வீட்டில் நாலு வீடு சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கிறார். அவர் கடுதாசி வருவதற்குள் என் கல்யாணம் வந்துவிடும். எனக்கு வாப்பா இல்லை. எங்கள் ஒரு வீட்டுக்காக இரக்கப்பட்டு ஒரு கம்பம் நட்டுக் கொடுக்க வேண்டும். நான் சட்டை தைத்து மாதா மாதம் கட்டிவிடுவேன். இதை எழுதியது உம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பக்கத்து வீட்டு சலீமா பீவி மாமியிடம் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள்."

— யா அல்லா. அந்தப் பொம்பளையை நான் என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்! அப்படியே நின்னாளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவ? இந்தப் புள்ளையாவது சொல்லியிருக்கக் கூடாதா? உள்ள நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?

— என்கிட்ட நீ சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா லாத்தா? நான் அப்துல் ஹக் கால்ல விழுந்திருப்பேனே!

— அதுக்காகத்தான் தம்பி சொல்லல. நீ விழக் கூடாதுன்னுதான். சார், அந்தப் புள்ளை இப்படிக் கெஞ்சி எழுதியிருக்கே, அந்த ஆபீஸ்ல ஒரு பதில் கூடப் போடலியா? குப்பையிலயா போட்டாங்க?

— அம்மா, நேரமாச்சு. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க.

— காயிதத்தோட கீழ செவப்பு மையில என்னமோ இருக்கே. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, மை தெரியும். அது என்னா?

— ஆபீஸ் குறிப்பு. உங்களுக்கு அது எதுக்கு?

— படிங்க சார்.

— "மனுதாரர் தகப்பனில்லாத பெண். ஐந்து வீடு விதியைத் தளர்த்தி, ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட அனுமதிக்கப்படுகிறது. இடம் பார்த்து வர உடனே ஆள் அனுப்பவும்."

— அப்படின்னா?

— குடுத்துட்டாங்கம்மா. உங்க பொண்ணு கேட்டதைக் குடுத்துட்டாங்க.

— குடுத்துட்டாங்களா? அப்ப கம்பம் எங்க சார்? அஞ்சு மாசமா அந்தச் சந்துல ஒரு குச்சி கூட யாரும் நடல. கம்பம் எங்க?

— அதுக்கும் கீழ ரெண்டு வரி இருக்கு. "இடம் பார்க்க நேரில் சென்றேன். வீட்டில் ஏற்கெனவே கரண்ட் இருப்பதாக வீட்டுக்கார அம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை சொன்னார்கள். கம்பம் தேவையில்லை. சீமெண்ணெய் ஆபீசுக்குத் தகவல்."